கருப்பை தொலைந்த சொல்

பள்ளிக்கூடத்துக் கணக்கில் 'அணிகள்' என்றொரு பாடம். எண்களை வரிசையும் நிரலுமாகப் படை மாதிரி நிறுத்தினோம். மூலச் சொல் என்னன்னு நான் கேட்டதில்லை.

மேட்ரிக்ஸ். லத்தீனில் 'மாட்டர்' என்றால் தாய். அதிலிருந்து வந்த இச்சொல் முதலில் ஈனுவதற்கென்றே வளர்க்கும் பெண் விலங்கையும், பிறகு கருப்பையையும் குறித்தது. அச்சுத்தொழிலில் ஈய எழுத்தை வார்த்தெடுக்கும் அச்சு மேட்ரிக்ஸ். நிலவியலில் புதைபடிவத்தைப் பொதிந்திருக்கும் பாறை மேட்ரிக்ஸ். 1850இல் சில்வெஸ்டர் இதைக் கணிதத்துக்குள் கொண்டுவந்தபோதும் கருப்பைதான் அவர் மனதில் இருந்தது: ஒரே எண்கட்டத்திலிருந்து பல அணிக்கோவைகள் பிறக்கின்றன.

நம் 'அணி' வரிசையை மட்டும் பார்த்தது, பிறப்பை விட்டுவிட்டது. கலைச்சொல்லாக்கம் வெறும் மொழிபெயர்ப்பு இல்லை, எதைப் பார்ப்பது என்ற தேர்வு.

அதற்காக மூலச் சொல்லைக் கொண்டாடவும் வேண்டாம். அங்கே தாய் இருக்கிறாள்; ஆனால் எப்படி? அச்சாக, பொதிபாறையாக, பின்னணியாக. உயிரியலிலும் செல்களுக்கு வெளியே இருக்கும் மேட்ரிக்ஸை வெறும் தாங்குபொருளாகத்தான் நெடுங்காலம் நினைத்தார்கள். செல் எப்படி வளரணும், எங்கே நகரணும் என்பதில் அதற்கும் பங்குண்டு என்று பிறகுதான் தெரிந்தது. பின்னணி என்று ஒதுக்கியது சும்மா கிடக்கவில்லை. சொல்தான் அதைச் சும்மா கிடப்பதாகக் காட்டியது.