நட்சத்திரங்களும் கதிரியக்கத் தூசியும்

ஒரு சினிமாப் படத்தில் பணியாற்றிய 220 பேரில் 91 பேருக்குப் புற்றுநோய்! இப்படி ஒரு செய்தியைப் படித்தால் திடுக்கிடுவீர்கள் அல்லவா? 1980இல் அமெரிக்காவின் 'பீப்பிள்' வார இதழ் இதை வெளியிட்டது. இன்றும் பலர் இதை எடுத்துச் சொல்கிறார்கள்.

படத்தின் பெயர் 'தி கான்கரர்'. கதாநாயகன் ஜான் வெய்ன். 1954இல் யூட்டா மாநிலத்தில் செயின்ட் ஜார்ஜ் நகருக்கு அருகே படம் பிடித்தார்கள். அந்நகருக்கு மேற்கே சுமார் 200 கி.மீ. தொலைவில் நெவாடா அணுகுண்டுச் சோதனைக் களம் இருந்தது. 1953 மே 19இல் அங்கு வெடித்த 'ஹாரி' என்னும் குண்டின் கதிரியக்கத் தூசி, காற்றில் மிதந்து வந்து நகரின் மீது படிந்தது. நோய்க்கு அதுவே காரணம் என்று வாசகர் எண்ணும்படி கட்டுரை அமைந்திருந்தது.

இக்கணக்கைச் சற்று உரைத்துப் பார்ப்போம். 220 பேரில் 91 என்றால் 41 சதவீதம். அமெரிக்கர்களில் ஐவரில் இருவருக்கு வாழ்நாளில் என்றாவது புற்றுநோய் வருகிறது. இத்தகைய குழுவில் முப்பது பேருக்குச் சற்று மேல்தான் எதிர்பார்க்கலாம் என்று ஓர் அறிவியலாளர் சொன்னதையும் இதழ் வெளியிட்டது உண்மையே. ஆனால் அவர்களின் வயது என்ன, புகைப்பவர் எத்தனை பேர் என்று பார்க்காமல் முடிவு கூற இயலாது. வெய்னே கடுமையாகப் புகைத்தவர். 1964இல் புற்றுநோய்க்காக அவருடைய ஒரு நுரையீரலை அகற்றினார்கள். ஆகவே 91 என்ற எண் ஐயத்தை எழுப்பலாம்; அதுவே சான்றாகிவிடாது.

இன்னொன்றையும் கவனியுங்கள். தூசியில் இருந்த அயோடின்-131 எட்டு நாளுக்கு ஒருமுறை பாதியாகக் குறையும். ஓராண்டு கழித்து நடிகர்கள் வந்தபோது அது அநேகமாக மறைந்துவிட்டது. சீசியம், ஸ்ட்ரான்சியம் போன்ற நெடுநாள் தங்கும் பொருள்களே மண்ணில் எஞ்சியிருந்தன. அயோடினுக்கு ஆளானவர்கள் யார்? 1953இல் அங்கே வாழ்ந்த மக்கள். தூசி புல்லில் படிந்தது. புல்லை மேய்ந்த பசுவின் பாலில் அயோடின் சேர்ந்தது. பாலைக் குடித்த குழந்தைகளின் தைராய்டு சுரப்பியில் போய்த் தங்கியது. இவ்வாறு நாடெங்கும் சேர்ந்த அளவை அமெரிக்கத் தேசியப் புற்றுநோய்க் கழகம் கணக்கிட்டு 1997இல் வெளியிட்டது. காற்று வீசிய திசையில் வாழ்ந்து நோயுற்றோருக்கு இழப்பீடு தர 1990இல் சட்டமும் வந்தது.

படத்தில் கூட்டமாக நடித்த உள்ளூர்ச் செவ்விந்தியர்கள் அந்த 220இல் சேரவில்லை. நட்சத்திரங்களை எண்ணிய கட்டுரை, பக்கத்தில் நின்றவர்களை எண்ணவில்லை!

இனி இத்தகைய செய்தியைப் படிக்கும்போது மூன்று கேள்விகள் கேளுங்கள்: யாரை எண்ணினார்கள்? யாரோடு ஒப்பிட்டார்கள்? யாரை விட்டுவிட்டார்கள்?