ஐந்து கம்பி வாத்தியமும் என் பேரனும்

கரக்பூர் ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் 38 ஆண்டுகள் இரும்போடு பழகியவன் நான். குழந்தைகளின் கல்வியைப் பற்றி எழுத எனக்கென்ன தகுதி என்று வாசக அன்பர்கள் கேட்கலாம். 2023 பிப்ரவரியில் பின்லாந்து நாட்டில், எஸ்போ நகரிலுள்ள மகள் வீட்டுக்குப் போயிருந்தேன். ஐந்து வயதுப் பேரனைப் பள்ளியில் கொண்டு விடும் டியூட்டி எனக்கு. தகுதி அவ்வளவுதான்.

பள்ளி என்பதுகூடத் தவறு. அங்கே பள்ளிக்கூடம் ஏழு வயதில்தான். அதற்கு முன் பிள்ளைகள் இருக்கும் இடத்துக்கு 'பைவாகோட்டி' என்று பெயர். 'பகல் வீடு' என்று பொருள். வீட்டுப்பாடம் கிடையாது. பனி கொட்டினாலும் பிள்ளைகளை மூட்டை போலச் சுற்றி வெளியே விளையாட விடுகிறார்கள். நடுங்கியது நான்தான்.

பிப்ரவரி 28 அங்கே 'கலேவலா' தினம். எலியாஸ் லோன்ரோட் என்ற டாக்டர் கிராமம் கிராமமாக நடந்து, பாமர மக்கள் பாடிய பழம்பாடல்களைக் கேட்டெழுதி, 1835-இல் காவியமாகத் தொகுத்தார். நம் உ.வே.சா. ஏடு தேடி அலைந்தது நினைவுக்கு வருகிறதல்லவா? அக்காலத்தில் அங்கே படித்தவர்களின் மொழி ஸ்வீடிஷ். பின்னிஷ் குடியானவர்களின் மொழி.

அன்று வீட்டுப் பெரியவர்களையும் அழைத்திருந்தார்கள். ஆசிரியை தரையில் உட்கார்ந்து, மடியில் 'கன்டெலே' என்னும் சிறு மர வாத்தியத்தை வைத்துக்கொண்டார். காவியத்தின் நாயகன் வைனமொய்னன் ஒரு பெரிய மீனின் தாடை எலும்பில் முதல் கன்டெலேயைச் செய்தான் என்பது கதை. என் கண் அதன் வேலைப்பாட்டின் மேல்தான். உள்ளே குடைந்த மரப்பெட்டி, முறுக்கும் ஆணிகள், ஐந்தே கம்பிகள். அடுத்தடுத்த ஐந்து சுரங்களுக்குச் சுருதி கூட்டியிருக்கிறது. பழம்பாடல்களில் பலவும் அந்த ஐந்துக்குள்ளேயே அடங்கிவிடுமாம். ஆகையால் நாலு வயதுப் பிள்ளை எந்தக் கம்பியைத் தட்டினாலும் பாட்டை விட்டு வெளியே போகாது. இதை வடிவமைத்தவன் எவனோ, அவனுக்கு ஒரு சல்யூட்!

பாட்டைக் கேட்டதும் இன்னோர் ஆச்சரியம். வரிக்கு வரி மோனை! மொழி புரியாத என் காதுக்கே அது எட்டியது. பிள்ளைகளுக்கு மனப்பாடம் ஆகக் கேட்பானேன்? போதாக்குறைக்கு மௌரி குன்னாஸ் என்ற ஓவியர் 1992-இல் கலேவலாவின் வீரர்களை நாய்களாக வரைந்து ஒரு புத்தகம் போட்டிருக்கிறார். அதிலுள்ள நாய்கள் எல்லாம் என் பேரனுக்குச் சிநேகிதர்கள்.

பிறகு ஆசிரியை எங்களிடம் ஆங்கிலத்தில் கேட்டார்: "உங்கள் வீட்டில் குழந்தைக்கு என்ன பாட்டுப் பாடுவீர்கள்? இங்கே பாடிக் காட்டுங்கள்." ஒவ்வொரு பிள்ளையின் வீட்டு மொழிக்கும் இடம் தர வேண்டும் என்பது அவர்களுடைய தேசியப் பாடத்திட்டத்திலேயே இருக்கிறது. மகள் என்னைப் பார்த்தாள். நான் அவளைப் பார்த்தேன். பாட்டெல்லாம் என் மனைவியிடம் இருந்தது. திருநெல்வேலிப் பக்கத்துத் தாலாட்டுகள். அவள் 2019-இல் போய்விட்டாள். ஒன்றையும் எழுதி வைக்கவில்லை. மகளுக்கு இரண்டு வரிதான் நினைவு. எனக்கு அதுவும் இல்லை. நைட் ஷிப்ட் பார்த்தவன், தாலாட்டை எங்கே கேட்டேன்?

ஆசிரியை எங்கள் சங்கடத்தைப் புரிந்துகொண்டு ஒரு செய்தி சொன்னார். வடக்கே இனாரி ஏரிப் பக்கம் இனாரி சாமி என்று ஒரு மொழி. பேசுவோர் சில நூறு பேர். 1990-களில் அதைப் பேசும் பிள்ளைகள் விரல் விட்டு எண்ணும் அளவே. 1997-இல் அங்கே 'மொழிக்கூடு' தொடங்கினார்கள்; நியூசிலாந்தின் மாவோரி மக்கள் 1982-இல் கண்ட வழி அது. சாப்பாடு, சண்டை, சமாதானம் எல்லாம் அந்த மொழியிலேயே. அப்படி வளர்ந்தவர்கள் இன்று அதைச் சரளமாகப் பேசுகிறார்களாம்.

நான் கன்டெலேயைப் பேரன் மடியில் வைத்து, ஒவ்வொரு கம்பியாகத் தட்டி, "ஒன்று, இரண்டு, மூன்று" என்றேன். ஐந்து வரை அவனும் சொன்னான். மற்றப் பிள்ளைகளும் சொன்னார்கள். 'மூன்று' என்றதும் ஏனோ அத்தனை சிரிப்பு.

ஊர் திரும்பியதும் கொல்லைப்புறத்தில் ஒரு கன்டெலே செய்யத் தொடங்கினேன். முதல் பெட்டி, கம்பியை முறுக்கியதும் பிளந்துவிட்டது. மரம் சரியாகக் காயவில்லை. இரண்டாவது தயாராகிறது. நம் சங்கத்தின் ஞாயிறு தமிழ் வகுப்புக்குக் கொண்டு வருகிறேன். பாட்டுக்கு, வீட்டில் பாட்டிமார் இருப்பவர்கள் அவர்கள் பாடுவதைக் கைபேசியில் பதிவு செய்து கொண்டு வரவும். திருநெல்வேலிப் பக்கத்துத் தாலாட்டு யாரிடமாவது இருந்தால், எனக்குத் தனியாக ஒரு வார்த்தை சொல்லுங்கள்.