ஜீனோ வந்த வகுப்பறை

கல்வராயன் மலையில், வெள்ளிமலையை அடுத்த ஒரு பள்ளியில் தமிழ் கற்பிக்கிறேன். ஒன்பதாம் வகுப்பில் வாரம் ஓர் அத்தியாயமாக சுஜாதாவின் ‘என் இனிய இயந்திரா’வை வாசித்து வருகிறேன். 1980களில் ஆனந்த விகடனில் தொடராக வந்த நாவல். கதை நடக்கும் 2020களில்தான் நாம் இன்று வாழ்கிறோம்.

அங்கே ஜீவாவின் சர்வாதிகார ஆட்சி. பெயரைச் சுருக்க வேண்டும்; குழந்தை பெற அரசின் அனுமதி வேண்டும்; குறிப்பிட்ட வயதுக்குமேல் வாழ உரிமையில்லை. காணாமல்போன கணவன் சிபியைத் தேடும் நிலாவுக்குத் துணை, ஜீனோ என்னும் இயந்திர நாய்.

ஜீனோவின் பேச்சுக்குச் சிரித்த வகுப்பு, வயது விதியைக் கேட்டதும் அமைதியானது. “அப்போ எங்க ஆயா இருக்க மாட்டாங்களா சார்?” என்றாள் ஒரு மாணவி. பெற்றோர் வெளியூரில் வேலைக்குப் போயிருக்க, அவளை வளர்ப்பது ஆயாதான்.

இன்றைய போக்கு ஒன்றை எடுத்து, ‘இது இப்படியே வளர்ந்தால்?’ என்று கேட்பதே இத்தகைய புனைகதை. சரி, தவறை நாம் சொல்ல வேண்டியதில்லை. மாணவர்களே எடைபோடத் தொடங்குகிறார்கள்.

நீங்களும் ஓர் அத்தியாயம் வாசித்துவிட்டு, ‘இந்த விதியால் யாருக்கு நன்மை, யாருக்கு இழப்பு?’ என்று கேளுங்கள். பத்து வரி எழுதச் சொல்லுங்கள். தொடக்க வகுப்புகளுக்கு ஜீனோவை மட்டும் கதையாகச் சொன்னால் போதும். நீங்கள் படிக்க, 1949இல் வெளியான ஜார்ஜ் ஆர்வெல்லின் ‘1984’ஐப் பரிந்துரைக்கிறேன்.

அந்த மாணவி இப்போது புத்தகத்தை வீட்டுக்கு வாங்கிப் போயிருக்கிறாள். அடுத்த வாரம்வரை பொறுக்க முடியாதாம்.