உஷார்! கட்டுப் பிரித்த பிறகு கட்டைவிரலைக் கவனியுங்கள்

மழை நேரத்தில் வேளச்சேரி – தாம்பரம் சாலையில் ஸ்கூட்டர் ஓட்டும் செம்பாக்கத்துக்காரர்களே, இதைக் கொஞ்சம் நின்று படியுங்கள். வண்டி சறுக்கினால் கை தானாகத் தரையில் ஊன்றும். உடம்பின் பாரமெல்லாம் மணிக்கட்டில் இறங்கும். போன ஐப்பசியில் என் அண்ணி அப்படித்தான் விழுந்தார். மணிக்கட்டு எலும்பில் மயிரிழை விரிசல். "எலும்பு விலகலை, நல்லவேளை" என்றார்கள். 5 வாரம் மாவுக்கட்டு. பிரித்தபோது வலி இல்லை, நாங்களும் மறந்துவிட்டோம்.

பத்து நாள் கழித்து ஒரு காலையில் சொம்பை எடுக்கக் கை நீட்டினார். நாலு விரலும் விரிந்தன, கட்டைவிரல் மட்டும் குறுக்கே தொங்கியது. இடது கையால் தூக்கிவிட்டால் நின்றது, விட்டதும் விழுந்தது. வலி துளியும் இல்லை. அதுதான் ஏமாற்றியது. மரத்துப்போயிருக்கும் என்று இரண்டு வாரம் எண்ணெய் போட்டு நீவினோம். உள்ளே தசைநாண் அறுந்தே போயிருந்தது.

கட்டைவிரலைப் பின்னால் தூக்கும் தசைக்கு எக்ஸ்டென்சர் பாலிசிஸ் லாங்கஸ் என்று பெயர். முன்கையில் தொடங்கும் இதன் நாண், மணிக்கட்டின் முதுகில் லிஸ்டர் முண்டு என்ற சின்ன எலும்பு மேட்டைச் சுற்றித் திரும்பி, விரல் நுனி எலும்புக்குப் போகிறது. கிணற்று ராட்டினத்தில் கயிறு திரும்புவது போல. கட்டைவிரலை நன்றாக விரித்துப் பாருங்கள்: அடியில் ஒரு குழி விழும். அதன் இரு கரைகளில் ஆட்காட்டி விரல் பக்கம் இருப்பது இந்த நாண். (விழுந்த பிறகு அந்தக் குழியை அமுக்கினால் வலிக்கிறதா? அங்கேயுள்ள ஸ்கேஃபாய்டு எலும்பு உடைந்திருக்கலாம். முதல் எக்ஸ்ரேயில் அது தெரியாமலும் போகும். சுளுக்கு எடுக்கப் போகாதீர்கள்.)

விலகாத விரிசலில்தான் இந்த நாண் அறுவது அதிகம். எலும்பு விலகாததால் நாணை மூடிய உறையும் கிழிவதில்லை. கசிந்த ரத்தமும் வீக்கமும் அந்த இடுக்குக்குள்ளேயே நெருக்கும். அந்த இடத்தில் நாணுக்கு ஏற்கெனவே ரத்த ஓட்டம் குறைவு. நைந்து நைந்து, சில வாரம் முதல் சில மாதத்துக்குள் அறுந்துவிடும். எல்லோருக்கும் வராது, அரிதுதான். ஆனால் வருமென்று எங்களுக்கு யாரும் சொல்லவில்லை.

உள்ளங்கையை மேசையில் படிய வையுங்கள். மற்ற விரல்களை அசைக்காமல் கட்டைவிரலை மட்டும் மேலே தூக்குங்கள். தூக்க முடியவில்லையா, அன்றைக்கே எலும்பு மருத்துவரிடம் போங்கள். நுனி கொஞ்சம் நிமிர்கிறதே என்று சும்மா இருக்காதீர்கள். உள்ளங்கைத் தசைகளே அந்த அளவுக்கு நிமிர்த்திவிடும். தூக்கும்போது முண்டுப் பக்கம் வலித்தால் இன்னும் அவசரம். அறுவதற்கு முன்பே உறையைத் திறந்துவிட்டால் நாண் பிழைக்க வழியுண்டு.

நைந்து அறுந்த நுனிகளை நேராகச் சேர்த்துத் தைப்பது பெரும்பாலும் முடியாது. ஆட்காட்டி விரலை நீட்ட இரண்டு நாண்கள் உண்டு. ஒன்றை எடுத்துக் கட்டைவிரலுக்குக் கொடுப்பார்கள். நாண் மாற்றும் வித்தை நம் மண்ணுக்குப் புதிதல்ல. 1940களின் கடைசியிலேயே வேலூர் சி.எம்.சி.யில் டாக்டர் பால் பிராண்ட் தொழுநோயாளிகளின் கைகளை இப்படி மீட்டார். ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் கைக்கென்றே தனிப் பிரிவு இருக்கிறது. தாம்பரத்தில் ரயிலேறி பீச்சில் இறங்கினால் ஆட்டோ தூரம்தான்.

அண்ணிக்கும் அதே அறுவை சிகிச்சைதான். கட்டைவிரலைத் தூக்க, முதலில் ஆட்காட்டி விரலை நீட்டுவதாக நினைக்கச் சொன்னார் பயிற்சி கொடுத்தவர். கண்ணை மூடி நினைத்தார். கட்டைவிரல் நடுங்கிக்கொண்டே எழுந்தது.