மூவாய்ப் பொறியும் சுருதியும்

யாழின் நரம்பை இசை கூட்டுதற்கும், மோட்டார் வண்டியின் பொறியைச் செப்பஞ் செய்தற்கும் ஆங்கிலர் ஒரே சொல்லை வழங்குவர். அஃது உவமையளவில் வந்த வழக்கென்றே நெடுங்காலம் எண்ணியிருந்தேன். காபரேற்றர் பல பூண்ட பொறியின் இயல்பை ஆராய்ந்தபின் அவ்வெண்ணம் மாறிற்று.

1961 ஆம் ஆண்டு வெளிவந்த ஜாகுவார் ஈ-ரைப் என்னும் விரைவண்டியைக் காண்போம். அதன் ஆறு உருளைகளுக்கும் காற்றையும் பெற்றோலையும் கலந்தூட்டுவன எஸ்.யூ. காபரேற்றர்கள் மூன்று. இப்பெயர் ஸ்கின்னர் யூனியன் என்பதன் குறுக்கம். ஸ்கின்னர் குடும்பத்தார் பாதணி வணிகர். ஆகவே அவர்தம் தொடக்கக் காபரேற்றரில் தோல் துருத்தி அமைந்திருந்ததில் வியப்பில்லை! பின்னர் அவ்விடத்தை உலோக முசலம் கொண்டது.

மூன்று வாய்களும் ஒத்த அளவு காற்றை உண்ணல் வேண்டும். ஒன்று மிகுதியாக உண்ணின், அதனைச் சார்ந்த உருளைகள் சுமையை இழுக்க, ஏனையவை பின்னே இழுபடும். ஆதலின் கைதேர்ந்தோர், வால்வுகளின் இடைவெளியையும் தீப்பொறி எழும் நேரத்தையும் முன்னரே சீராக்கி, பொறியை நன்கு சூடேற்றி, மூன்றையும் பிணைக்கும் தண்டுகளைத் தளர்த்துவர். அதன்பின் வேண்டுவது ஒரு சிறு றப்பர்க் குழாய். ஒரு முனை செவியில். மறுமுனை காபரேற்றரின் வாயில். உஸ்ஸென்னும் ஓசை மூவிடத்தும் ஒத்து ஒலிக்குமளவும் திருகாணியை மயிரிழை மயிரிழையாகத் திருப்புவர்.

சுவாமி விபுலாநந்தர் 1947 இல் வெளிவந்த 'யாழ் நூ'லிலே நரம்புகளின் இசையைக் கணக்கால் ஆராய்ந்து காட்டினார். கராச்சிலே கைவினைஞன் கணக்கின்றிச் செவியொன்றாலேயே ஓசை ஒப்பைத் தேர்கிறான். நம் முன்னோர் கல்வியைக் கேள்வி என்றதும் இவனுக்குப் பொருந்தும். உழவர் சொல்லையும் மீனவர் சொல்லையும் தொகுத்த நாம், இவன் சொல்லைத் தொகுத்தோமா? புதிய வண்டிகளில் காபரேற்றரே இல்லை; மின்னணுக் கருவியே பெற்றோலை அளந்தூட்டுகிறது. அக்கேள்வியுடையோரும் முதியோராகி வருகின்றனர்.

காற்று ஒத்தபின்னரே கலவை. முறை பிறழ்ந்தோர் பொழுது சாயுமட்டும் திருகிக்கொண்டிருப்பர். முசலத்தை அங்குலத்தின் முப்பத்திரண்டில் ஒரு பங்கு மெல்ல உயர்த்துக. பொறியின் வேகம் ஏறி நிலைப்பின் பெற்றோல் மிகை. உடனே தளரின் குறை. சற்றே ஏறிப் பழைய நிலைக்கு மீளின் கலவை செவ்விது. மிகையானது உருளைச் சுவரின் எண்ணெயைக் கழுவிவிடும். குறையோ முழு வேகத்தில் வால்வையே எரித்துவிடும். போட்டிக்கு விரைவோர் அஞ்சவேண்டியது இதனையே.

இன்னுமொன்று. எங்கள் ஈச்சிலம்பற்றின் கடற்காற்றிலே செம்மையுறச் சுருதி கூட்டிய வண்டியை நுவரெலியாவின் மகாகஸ்தோட்டைக்கு ஏற்றிச் செல்வதாகக் கொள்வோம். மோட்டார் மலையேற்றப் போட்டி 1934 இல் தொடங்கிய இடம் அது. ஆறாயிரம் அடிக்கு மேற்பட்ட அவ்வுயரத்தில் காற்றழுத்தம் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறையும். பெற்றோல் அவ்வளவிற்குக் குறைவதில்லை. புகை கறுக்கும், பிளக்கில் கரி படியும். இங்கே பிழையற்றிருந்த கலவை அங்கே மிகையாய்விடும். அந்நிலையில், பெற்றோலை அளக்கும் ஊசியைக் கழற்றிச் சற்றே பருத்த ஊசியொன்றைப் பொருத்தி, கைவினைஞன் மீண்டும் குழாயைச் செவியில் வைப்பான்.