நீண்ட வாக்கியத்தில் எழுவாயைத் தேடுதல்

அம்பாறை மாவட்டக் கரையோரத்தில் கல்முனைக்கு மேற்கே வயல்கள் சூழ அமைந்திருக்கும் சவளக்கடை போன்ற ஊர்களில், தமிழ்மொழி மூலம் பதின்மூன்று ஆண்டுகள் கற்று வெளியேறும் மாணவர்களுக்கு, கணிதமோ பொது அறிவோ தராத தடையைப் போட்டிப் பரீட்சைகளின் ஆங்கிலப் பகுதி தருகிறது என்பது அப்பிரதேசத்தின் கல்வி நிலையை அறிந்த எவருக்கும் புதிய செய்தியன்று. இலங்கை நிர்வாக சேவைக்கான போட்டிப் பரீட்சையைத் தமிழிலேயே எழுதலாம். சட்டக்கல்லூரிப் பரீட்சைகளை ஆங்கில மொழியில் மட்டும் நடத்துவதற்கான விதிமுறைகளைப் பாராளுமன்றம் 2023 இல் நிராகரித்தது. ஆயினும் வங்கிகளும் தனியார் நிறுவனங்களும் ஆட்களைச் சேர்க்கும்போது ஆங்கிலத்தைச் சோதிக்கின்றன. தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தின் ஒலுவில் வளாகத்தில் பொறியியலையும், சம்மாந்துறையில் அமைந்துள்ள பிரயோக விஞ்ஞான பீடத்தில் விஞ்ஞானத்தையும் ஆங்கிலத்திலேயே கற்க வேண்டியுள்ளது. 1987 ஆம் ஆண்டின் பதின்மூன்றாம் அரசியலமைப்புத் திருத்தம் ஆங்கிலத்தை இணைப்பு மொழி என்று குறிப்பிட்டது. நடைமுறையில் அது பல வாயில்களின் திறவுகோலை வைத்திருக்கும் மொழியாகவே நீடிக்கிறது.

பாடசாலை அமைப்பிலேயே ஒரு குறை உண்டு. க.பொ.த. சாதாரண தரத்தில் ஆங்கிலம் எல்லோரும் கற்கும் பாடமாக இருக்க, உயர்தரத்தில் பொது ஆங்கிலம் என்னும் வினாத்தாளின் புள்ளி பல்கலைக்கழக அனுமதிக்கான இசற் புள்ளிக் கணிப்பில் சேர்க்கப்படுவதில்லை. இசற் புள்ளி என்பது, வெவ்வேறு பாடங்களின் கடினத்தன்மையைச் சமன்செய்து மாணவர்களை ஒப்பிடுவதற்குப் பயன்படும் அளவீடாகும். அதில் சேராத பாடத்துக்கு மாணவரும் பெற்றோரும் நேரம் ஒதுக்காதிருப்பது இயல்பே. ஆனால் மொழியை வளர்ப்பதற்கு மிக உகந்த இரண்டு ஆண்டுகள் இவ்வாறு வீணாகி, பின்னர் போட்டிப் பரீட்சைக்கான விளம்பரம் வெளியானதும் சில வாரங்களில் அனைத்தையும் கற்றுவிட முயலும் நிலை உருவாகிறது.

அத்தகைய அவசரப் பயிற்சியில் ஆங்கிலம் இரண்டு கூறுகளாகப் பிரிக்கப்படுகிறது. இலக்கணம் ஒரு பக்கம், கிரகித்தல் மறுபக்கம். கிரகித்தல் என்பது கொடுக்கப்பட்ட பந்தியை வாசித்து, அதன் பொருளை உணர்ந்து, வினாக்களுக்கு விடையளிக்கும் பகுதி. இலக்கணத்துக்கு விதிகளை மனனஞ்செய்வதும், கிரகித்தலுக்குக் கடந்த கால வினாத்தாள்களை அடுக்கடுக்காகச் செய்து பார்ப்பதுமே வழக்கமாக உள்ளது. இந்தப் பிரிவினையே பயிற்சியின் பயனைப் பெரிதும் குறைக்கிறது. ஏனெனில் பந்தியில் மாணவர் தடுமாறும் இடங்களிற் பெரும்பாலானவை இலக்கணத்தைக் காணத் தவறிய இடங்களே.

இதனை அப்பிரதேசத்துக்குப் பழக்கமான ஒரு செய்தியைக் கொண்டு விளக்கலாம். சேனைக்குடியிருப்பையும் சவளக்கடையையும் இணைக்கும் கிட்டங்கி வீதி வடகீழ்ப் பருவமழைக் காலத்தில் வெள்ளத்தில் மூழ்குவது வழக்கம். 'சவளக்கடை மக்கள் நாள்தோறும் பயன்படுத்தும் பாலம் நீரில் மூழ்கியிருந்தது' என்ற தமிழ் வாக்கியத்தில் 'பயன்படுத்தும்' என்னும் பெயரெச்சம், அதாவது பெயரைத் தழுவி நிற்கும் முற்றுப்பெறாத வினை, பாலத்துக்கு முன்னே வந்துவிடுகிறது. எனவே 'பாலம்' என்ற எழுவாயும் 'மூழ்கியிருந்தது' என்ற பயனிலையும் அருகருகே நிற்கின்றன. ஆங்கிலத்தில் இதே செய்தி, 'த பிரிட்ஜ் தட் த பீப்பிள் ஒஃப் சவளக்கடை யூஸ் எவ்ரி டே வோஸ் அண்டர் வோட்டர்' என்று அமையும். எழுவாய் முதலிலேயே வந்துவிட, அதனை விளக்கும் தொடர் முழுவதும் நடுவில் புகுந்து, பயனிலையைத் தொலைவுக்குத் தள்ளிவிடுகிறது. 'வோஸ்', 'வேர்' என்னும் இரண்டில் பொருத்தமானதைத் தெரிவுசெய்க என்று இலக்கண வினா கேட்கும்போது, நடுவில் நிற்கும் 'பீப்பிள்' என்ற பன்மைச் சொல்லைப் பார்த்து 'வேர்' என்று எழுதும் மாணவர், நீண்ட பந்திகளிலும் எது யாருக்கு நேர்ந்தது என்பதை மாற்றியே புரிந்துகொள்வார். வினாத்தாளில் இரண்டு பிழைகளாகத் தெரிபவை உண்மையில் ஒரே பிழை.

ஆகவே எழுவாயையும் அதன் பயனிலையையும் கோடிட்டு இணைத்தபின் வாசிப்பது முதற்பயிற்சியாக இருத்தல் வேண்டும். 'ஹூ', 'விச்', 'தட்' ஆகிய சொற்களுடன் தொடங்கும் இடைத்தொடரை அடைப்புக்குறிக்குள் இட்டுவிட்டால் எஞ்சியிருக்கும் வாக்கியம் எளிதில் விளங்கும். தமிழ் இலக்கணத்தில் பெயரெச்சம், வினையெச்சம், வேற்றுமை ஆகியவற்றைப் படித்த மாணவருக்கு இதற்கான அறிவு ஏற்கெனவே உண்டு. அந்த அறிவை ஆங்கில வகுப்புக்குள் கொண்டுவர யாரும் முன்வராதது வருத்தத்துக்குரியது. தமிழைப் பயன்படுத்தினால் ஆங்கிலம் கெடும் என்ற அச்சமும் இதற்கு ஒரு காரணம். ஆனால் கனடிய அறிஞர் ஜிம் கமின்ஸ் 1979 இல் முன்வைத்த கருதுகோள், முதன்மொழியில் வளர்ந்த வாசிப்பாற்றல் இரண்டாம் மொழிக்குத் துணையாகிறது என்றே கூறுகிறது.

இரு மொழிகளின் அமைப்பு வேறுபடும் இடங்களை முன்கூட்டியே அறிந்திருப்பது பல பிழைகளைத் தவிர்க்கும். 'நீர் வடியாவிட்டால் பஸ் ஓடாது' என்பதில் எதிர்மறை வினைக்குள்ளேயே அடங்கியிருக்கிறது. ஆங்கிலத்தில் 'அன்லெஸ்' என்ற இணைப்புச் சொல்லே அந்த எதிர்மறையைச் சுமப்பதால், அதன்பின் 'நொட்' சேர்ப்பது பொருளைத் தலைகீழாக்கிவிடும். அவ்வாறே, 'சுனாமிக்குப் பிறகு அக்குடும்பம் இங்கே வசிக்கிறது' என்று தமிழ் நிகழ்காலத்தால் சொல்வதை, ஆங்கிலம் 'ஹேஸ் லிவ்ட்' என்னும் நிறைவு நிகழ்காலத்தால் சொல்கிறது. இது கடந்த காலத்தில் தொடங்கிய ஒன்று இன்றும் தொடர்வதைக் காட்டும் கால வடிவம். பந்தியில் இவ்வடிவத்தைக் கண்டதும் அக்குடும்பம் இன்னும் அங்கேயே இருக்கிறது என்பதையும், 'லிவ்ட்' என்று மட்டும் வந்தால் வேறிடம் சென்றிருக்கலாம் என்பதையும் உணர்பவரே வினாவின் நுட்பத்தைப் பிடிப்பார்.

கிரகித்தல் வினாக்களில் மாணவர் அதிகம் இடறுவது, சொல்லப்படாததை உய்த்துணரும் வினாக்களில். மழைக்காலத்தில் வீதியோரம் தோணிகள் கட்டப்பட்டிருந்தன என்றும், பயணிகள் காசு கொடுத்து மறுகரைக்குச் சென்றனர் என்றும் ஒரு பந்தி கூறுவதாகக் கொள்வோம். வீதியில் வழக்கமான போக்குவரத்து நடைபெறவில்லை என்று அதில் எங்கும் எழுதப்பட்டிராவிடினும், அதனை முடிவாகக் கொள்ளப் பந்தியே ஆதாரம் தருகிறது. தோணிக்காரர்கள் அதிகக் கட்டணம் அறவிட்டனர் என்ற கூற்றுக்கோ ஆதாரம் இல்லை. அது உண்மையாக இருக்கக்கூடும் என்பதால் அதைச் சரியென்று குறிப்பது பிழையாகும். வெளிநாட்டுக் கல்விக்கும் தொழிலுக்கும் பலர் எழுதும் ஐஈஎல்டிஎஸ் பரீட்சையின் வாசிப்புப் பகுதியில், 'சரி', 'பிழை' என்பவற்றுடன் 'தரப்படவில்லை' என்ற மூன்றாவது விடையும் இருப்பது இந்த வேறுபாட்டைச் சோதிப்பதற்காகவே. அப்பகுதியில் 60 நிமிடங்களில் 40 வினாக்களுக்கு விடையளிக்க வேண்டியிருப்பதால், ஒவ்வொரு விடைக்கும் பந்தியில் ஒரு வரியைச் சுட்டிக்காட்டும் பழக்கம் முன்னரே கைவந்திருத்தல் அவசியம்.

சொல்வளத்தைப் பொறுத்தவரை, நீண்ட சொற்பட்டியலை மனனஞ்செய்வதைவிடத் தகுதியான பந்தியைத் தெரிவுசெய்வதே முக்கியம். ஹூ, நேஷன் ஆகிய இரு ஆய்வாளர்கள் 2000 ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வின்படி, பிறர் உதவியின்றி ஒரு பனுவலைப் போதிய அளவு விளங்கிக்கொள்ள அதிலுள்ள சொற்களில் ஏறத்தாழ 98 சதவீதம் தெரிந்திருக்க வேண்டும்; அதாவது 200 சொற்கள் கொண்ட பந்தியில் தெரியாதவை நான்கைத் தாண்டலாகாது. ஒவ்வொரு வரியிலும் அகராதியைப் புரட்ட வேண்டிய பந்தி வாசிப்புப் பயிற்சிக்கு உதவாது. லேக் ஹவுஸ் நிறுவனம் 1918 இல் தொடங்கப்பட்ட 'டெய்லி நியூஸ்' பத்திரிகையையும் 1932 இல் தொடங்கப்பட்ட 'தினகரன்' பத்திரிகையையும் இன்றும் வெளியிடுவதால், ஒரே செய்தியை முதலில் தமிழிலும் பின்னர் ஆங்கிலத்திலும் வாசிக்கும் வாய்ப்பு கையருகே உள்ளது. செய்தியின் பொருள் முன்பே தெரிந்திருப்பதால் புதிய சொற்கள் சூழலிலிருந்தே விளங்கும். அமெரிக்கரான வில்சன் டெய்லர் 1953 இல் உருவாக்கிய இடைவெளி நிரப்பும் முறையை, பந்தியின் ஒவ்வோர் ஐந்தாவது சொல்லையும் மறைத்துவிட்டு மீண்டும் நிரப்பிப் பார்ப்பதன் மூலம் செலவின்றி வீட்டிலேயே பழகலாம். விடுபட்ட சொல்லின் வடிவத்தை இலக்கணமும் அதன் பொருளைப் பந்தியும் காட்டுவதால் இரண்டும் ஒருங்கே வளரும்.

கடந்த கால வினாத்தாள்களின் பயன், அவற்றைத் திருத்திய பின்னர் செய்யும் வேலையில் தங்கியுள்ளது. பத்து வினாத்தாள்களைச் செய்து புள்ளியை மட்டும் குறித்துவைப்பவரைவிட, இரண்டைச் செய்து, பிழையான ஒவ்வொரு விடைக்கும் எதிரே அது ஏன் பிழை என்று ஒரு வரி எழுதி வைப்பவர் விரைவாக முன்னேறுவார். பரீட்சைத் திணைக்களம் பாடவாரியாக வெளியிடும் மதிப்பீட்டு அறிக்கைகளில், பரீட்சார்த்திகள் பொதுவாக விடும் தவறுகளும் அவற்றைத் திருத்தும் ஆலோசனைகளும் தரப்பட்டிருந்தும், ரியூசன் வகுப்புகளில் அவை பேசப்படுவது அரிது.

இத்தகைய பயிற்சிக்குப் பரீட்சை அறிவிப்பு வரும்வரை காத்திராமல் இருப்பதற்கு அம்பாறைக் கரையோரத்தில் இன்னொரு காரணமும் உண்டு. 2024 நவம்பர் 25 இல் தொடங்கிய உயர்தரப் பரீட்சை, வெள்ளத்தின் காரணமாக 27 ஆம் திகதி முதல் நாடு முழுவதும் நிறுத்தப்பட்டு, டிசம்பர் 4 இல் மீண்டும் தொடங்கியது. வீதிகள் மூழ்கும் வாரங்களில் கல்முனை வகுப்புகளுக்குச் செல்ல முடியாத மாணவர்களுள் நால்வர், அயலிலுள்ள ஒரு வீட்டில் கூடி, ஒருவர் விடைத்தாளை மற்றவர் திருத்தி, தத்தம் விடைக்கான வரியைப் பந்தியிலிருந்து எடுத்துக்காட்டி வாதிட்டால், அந்த வாரங்களிலும் ஆங்கிலப் பயிற்சி தடையின்றித் தொடரும்.