அக்காமா முடிந்த நாள்

2009இல் செட்டிகுளம் மெனிக்பாம் முகாமில் இருந்தபோதுதான் ஒரு துண்டு அட்டையின் பெறுமதி எனக்கு விளங்கியது. நிவாரண அட்டையைப் பொலித்தீன் பையில் சுற்றி, நெஞ்சுச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு தூங்கிய பெண்களில் நானும் ஒருத்தி. அப்படிப்பட்ட நான், 2013 ஓகஸ்ட் மாதம் குவைத்தில் போய் இறங்கிய அன்றே என் கடவுச்சீட்டை முன்பின் அறியாத ஒரு மெடத்தின் கையில் கொடுத்தேன். திருப்பிக் கேட்கலாம் என்றே எனக்குத் தெரியாது.

கணவர் காணாமற்போனவர். மகளை அம்மாவிடம் விட்டுவிட்டு வீட்டுப் பணிப்பெண்ணாகப் போனேன். நம்மில் பலருடைய கதையும் இதுதான் என்பதால் அதை விரித்து எழுதவில்லை. எழுத வந்தது அக்காமாவைப் பற்றி.

அக்காமா என்பது அந்த நாட்டில் தங்கி வேலை செய்வதற்கான வதிவிட அனுமதி. குவைத்தில் வீட்டு வேலைக்காரருக்கு 20ஆம் பிரிவின் கீழ் இதைக் கொடுக்கிறார்கள். இது நம்மை எடுத்த கபீலின் பெயரோடு கட்டப்பட்டது. ஜவாசாத் அலுவலகத்தில் காசு கட்டிப் புதுப்பிக்க வேண்டியவர் அவரே. நாங்களாகப் போய் நீடித்துக்கொள்ள முடியாது. ஆனால் அது முடிந்துவிட்டால் சட்டத்தை மீறித் தங்கியவர் என்று பிடிபடுவது நாங்கள்தான்.

எனக்கு முதலில் இரண்டு வருட அக்காமா. 2015இல் பாபா இன்னும் இரண்டு வருடம் நீடித்தார். நீடித்ததை எனக்குச் சொன்னார்கள். இருக்க விருப்பமா என்று ஒருவரும் கேட்கவில்லை. நானும் சம்பளத்தைக் கூட்டித் தாருங்கள் என்று கேட்கவில்லை. ஒப்பந்தம் முடிகிற அந்த ஒரு நேரம்தான் நாங்கள் வாய் திறந்து பேசக்கூடிய நேரம். அதைப் பேசாமலே விட்டேன்.

2017 நடுப்பகுதியில் பாபா நோயில் விழுந்தார். என்னை மெடத்தின் மகள் வீட்டுக்கு வேலைக்கு அனுப்பினார்கள். கபீலின் வீட்டை விட்டு வேறு வீட்டில் வேலை செய்வதே குற்றம் என்பது அப்போது எனக்குத் தெரியாது. அந்த வருடம் மார்கழியில் கொதி எண்ணெய் கையில் கொட்டியது. அந்த வீட்டுச் சாரதி அக்கரைப்பற்றைச் சேர்ந்தவர், நானா என்றுதான் கூப்பிடுவேன். அவர்தான் என்னைக் கிளினிக்குக்குக் கூட்டிப் போனார். மெடம் கொடுத்துவிட்ட பத்தாக்காவை, அதாவது அடையாள அட்டையை, அங்கிருந்தவர் பார்த்துவிட்டுத் திருப்பித் தந்தார். நானா அதை வாங்கிப் பார்த்தார்.

"தங்கச்சி, இது ஓகஸ்டோட முடிஞ்சிட்டே. உங்களுக்கு அக்காமா அடிக்கல்லையா?"

அக்காமா இல்லையென்றால் அதோடு வரும் மருத்துவக் காப்புறுதியும் இல்லை. நானா தன் காசில் மருந்து வாங்கித் தந்தார். வரும் வழியில் தண்டக் கணக்கையும் அவர்தான் சொன்னார். அப்போது குவைத்தில் அக்காமா இல்லாமல் தங்கும் ஒவ்வொரு நாளுக்கும் 2 தினார் தண்டம். ஆகக்கூடியது 600 தினார். என் மாதச் சம்பளம் 60 தினார். நாளுக்கு இரண்டு, மாதத்துக்கு அறுபது. ஓகஸ்டிலிருந்து நான் துடைத்த நிலம், கழுவிய பாத்திரம், தூக்கி வளர்த்த பிள்ளை எல்லாம் தண்டத்துக்குச் சரி. நாலு மாதத்துக்கு 240 தினார். அன்று அது இலங்கைக் காசில் ஒரு லட்சத்து இருபதாயிரத்துக்கு மேல்.

மெடத்திடம் கேட்டேன். "மாபி முஷ்கில், புக்ரா" என்றார். பிரச்சினை இல்லை, நாளைக்குப் பார்ப்போம். அவரைக் கெட்டவர் என்று நான் சொல்லமாட்டேன். கணவரின் வருத்தத்தில் என் திகதி அவருக்கு நினைவில் இல்லை. ஆனால் அந்த நாளை வரவே இல்லை. வெளியே ஓடிப்போகலாம் என்று இன்னொரு வீட்டுப் பிள்ளை சொன்னாள். ஓடினால் கபீல் தலைமறைவு என்று முறைப்பாடு போடலாம், பிறகு நம் பக்க நியாயம் எடுபடுவது கஷ்டம் என்று நானா தடுத்தார். தூதரகத்தின் தொழில் பிரிவுக்குத் தொலைபேசி எடுக்கச் சொன்னார். எடுத்தேன்.

அந்த நேரத்தில்தான், 2018 ஜனவரி 29 முதல், குவைத் அரசு பொதுமன்னிப்புக் காலம் ஒன்றை அறிவித்தது. முதலில் பெப்ரவரி 22 வரை, பிறகு ஏப்ரல் 22 வரை நீடித்தார்கள். அக்காமா இல்லாதவர் தண்டம் கட்டாமல் நாட்டுக்குப் போகலாம். மீண்டும் முறையான விசாவில் வரவும் தடை இல்லை. இருக்க விரும்பினால் தண்டத்தைக் கட்டி அனுமதியைச் சரிசெய்யலாம்.

மெடம் இரண்டாவதைச் சொன்னார். தண்டத்தை நான் கட்டுகிறேன், மாதா மாதம் சம்பளத்தில் வெட்டுகிறேன் என்றார். மகளுக்கு அந்த வருடம் சாதாரண தரப் பரீட்சை. ரியூசன் காசு, வீட்டுக் கூரை, அடகில் இருந்த தோடு எல்லாம் கண்ணுக்கு முன் வந்தன. ஓம் என்று சொல்ல வாய் எடுத்தேன். ஆனால் என்னுடைய பிழையில்லாத ஒன்றுக்கு மாதக்கணக்கில் சும்மா உழைப்பதா என்று மனம் கேட்டது. தூதரகத்திலிருந்து கதைத்த பின் மெடம் கடவுச்சீட்டையும் நிலுவையில் இருந்த இரண்டு மாதச் சம்பளத்தையும் தந்தார். பங்குனியில் வந்து சேர்ந்தேன்.

வந்த பிறகுதான் மற்ற விஷயங்கள் தெரிந்தன. வீட்டுத் தொழிலாளருக்கென்று குவைத்தில் 2015ஆம் ஆண்டின் 68ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது. வாரத்தில் ஒரு நாள் ஓய்வு. எங்கள் சம்மதம் இல்லாமல் கடவுச்சீட்டை வைத்திருக்கக் கூடாது. வேலை முடிந்து போகும்போது ஒவ்வொரு வருடத்துக்கும் ஒரு மாதச் சம்பளம் தர வேண்டும். இந்தக் கடைசிக் காசு எனக்கு வரவேயில்லை, கேட்கவும் தெரியவில்லை. அதை நினைத்தால் இன்றும் வயிறு எரியும்.

போகப் போகும் சகோதரிகள், அங்கே இருக்கும் பிள்ளைகளின் தாய்மார் கவனிக்க வேண்டியது ஒன்று. அக்காமா முடியும் திகதியை நீங்களே தெரிந்து வைத்திருங்கள். முடிய இரண்டு மாதம் இருக்கும்போதே நிற்பதா வருவதா என்று பேசுங்கள். நிற்பதென்றால் சம்பளத்தையும் அப்போதே பேசுங்கள். கடவுச்சீட்டின் காலத்தைத் தாண்டி அக்காமா நீடிக்க மாட்டார்கள், அதனால் அந்தத் திகதியும் வேண்டும். வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் நாம் செய்த பதிவையும் புதிய ஒப்பந்தத்தோடு புதுப்பிக்க வேண்டும். விபரம் கேட்க 1989 என்ற இலக்கம் இருக்கிறது. குவைத்தில் 2025 ஜனவரியிலிருந்து புதிய வதிவிடச் சட்டம் நடைமுறையில் உள்ளது, ஆகவே தண்டத்துக்கு என் பழைய கணக்கைப் பிடித்துக்கொண்டு இருக்காதீர்கள். இப்போது பத்தாக்காவைக் கைத்தொலைபேசியிலேயே பார்க்க முடியும். அந்த வசதி எனக்கு இருந்திருந்தால் என்று சில நேரம் நினைப்பேன்.

பக்கத்து வீட்டுப் பிள்ளை போன வருடம் குவைத்துக்குப் போனாள். போன கிழமையே அவளிடம் திகதியைக் கேட்டு வாங்கி, என் குசினிச் சுவரில் பென்சிலால் எழுதிவிட்டேன். அவளுடைய தாய் தேங்காய் கேட்டு வரும்போதெல்லாம் அதைத்தான் முதலில் பார்க்கிறாள். "இன்னும் எத்தனை மாதம் அக்கா?" என்று கேட்பாள். எண்ணிச் சொல்லுவேன்.